முப்பத்திரண்டு பாகை அறை

யாழ்ப்பாணத்துப் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் அறைச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. சுவருக்கு மேலே விட்ட இடைவெளியால் காற்று ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகும். அதே வழியால் இருமலும் குறட்டையும் இரகசியப் பேச்சும் போகும். மானிப்பாயில் மிஞ்சியிருக்கிற அப்படியொரு வீட்டில், இரவு பதினொரு மணிக்குக் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒரு பொடியனை நினைத்துக்கொள்ளலாம். நாலு மணித்தியால வீடியோவைச் சுருக்கி விடியமுன்னர் ரொறன்ரோவுக்கு அனுப்பவேண்டும். கொம்பியூட்டரோ பழையது. வேகம் போதாதென்று அதன் புரொசசரை ஓவர்குளொக் செய்திருக்கிறான். கொம்பனி குறித்த துடிப்பை விடக் கூடுதலான துடிப்பில் ஓடவிட்டிருக்கிறான். வேகம் வந்தது, கூடவே சத்தமும் வந்தது. பெட்டிக்குள் விசிறி ஊதத் தொடங்கினால், சுவருக்கு அப்பால் படுத்திருக்கிற அம்மம்மா எழும்பி, "மழையே தம்பி?" என்று கேட்கிறா.

விசிறிச் சத்தம் சின்ன விடயமாகத் தோன்றும். ஆனால் அதைத் தணிக்கப் புறப்படுகிறவர் மின்சாரம், வெப்பம், காற்று, தூசி, காது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆகவேண்டும். அந்தப் படிப்பில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் கிடக்கிறது. அதுவும் குளிர்நாட்டு அறைகளில் அளந்து எழுதப்பட்டது. மானிப்பாய்க்கு அது அப்படியே பொருந்தாது.

ஏன் ஓவர்குளொக் செய்யவேண்டும், புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பவர்கள் 2022 ஆம் ஆண்டை மறந்திருக்கிறார்கள். அந்த மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. கப்பலில் வரவேண்டிய ஒவ்வொரு பொருளுக்கும் அந்த ஏற்றம் ஏறியது. புதிய கொம்பியூட்டருக்குக் காசு சேர்த்தவர்கள் சேர்த்த காசு பாதியாகத் தேய்ந்ததைப் பார்த்துவிட்டு, இருந்ததையே இன்னும் சில வருடம் இழுக்கத் தீர்மானித்தார்கள். பத்து வயது கடந்த புரொசசரிலிருந்து இன்னும் கால்பங்கு வேகத்தைக் கறக்கமுடியுமென்றால், இந்த ஊரில் அதற்குப் பெயர் சிக்கனம்.

உலகத்தில் இந்தப் பழக்கம் பரவியதிலும் சிக்கனத்துக்குப் பங்குண்டு. 1998 இல் இன்ரெல் வெளியிட்ட செலரோன் 300ஏ ஒரு மலிவுச் சிப். 300 மெகாஹேர்ட்ஸில் ஓடவென்று விற்கப்பட்டது. மதர்போட்டின் பஸ் வேகத்தை 66 இலிருந்து 100 க்கு மாற்றினால், அவற்றில் பெரும்பாலானவை 450 இல் ஓடின. விலைகூடிய பென்ரியம் 2 இன் தோளுக்குத் தோளாக அந்த மலிவுச் சிப் நின்றது. மாணவர்களும் சம்பளக்காரரும் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். அந்த ஆண்டில் யாழ் குடாநாடோ போரால் தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே இருந்தது.

சத்தத்தின் வேர் விசிறியில் இல்லை. விசிறி கடைசியாக வருவது. சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகள் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அதில் செலவாகும் வலு துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதமானது. வோல்ற்றேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமானது. துடிப்பை மட்டும் பத்து வீதம் கூட்டினால் வெப்பம் பத்து வீதம் கூடும். ஆனால் கூடிய துடிப்பில் சிப் தடுமாறாமல் நிற்க வோல்ற்றேஜையும் பத்து வீதம் கூட்டவேண்டி வந்தால், வெப்பம் முப்பத்துமூன்று வீதம் கூடிவிடும். எல்லாத் தொல்லையும் அந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

2011 இல் வந்து, பழைய பொருள் விற்கிற இடங்களில் இன்னும் கைமாறுகிற இன்ரெல் ஐ5-2500கே சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், கொம்பனி சொன்ன வெப்ப அளவு 95 வாற்று. 1.2 வோல்ற்றில் ஓடும்போது அந்த 95 வாற்றையும் எரிக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். 4.5 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற்றி, அதற்காக 1.35 வோல்ற் கொடுத்தால் வெப்பம் 164 வாற்றுக்குப் போகிறது. ஆசையை 4.2 இல் நிறுத்தி 1.22 வோல்ற்றோடு சமாளித்தால் 125 வாற்று. கைவிட்ட வேகம் ஏழு வீதத்துக்கும் குறைவு. குறைந்த வெப்பமோ ஏறத்தாழ நாலிலொரு பங்கு. சிப்புக்குச் சிப் எண்கள் மாறும், ஒரே நாளில் ஒரே ஆலையில் வார்த்த இரண்டு சிப்புகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஆனாலும் மேலே போகப்போகச் செங்குத்தாகிற அந்த ஏற்றம் எல்லாவற்றுக்கும் பொது. அம்மம்மாவை எழுப்புகிறது அந்தக் கடைசி 300 மெகாஹேர்ட்ஸ்.

இனி அறைக்கு வருவோம். சிப்பின் மேல் இருக்கிற கூலர் வெப்பத்தை அழிப்பதில்லை. செப்புக் குழாய்க்குள் இருக்கிற சிறிதளவு நீர் ஆவியாகி மேலே போய், தகடுகளில் குளிர்ந்து, திரும்பி வடிகிறது. அப்படிச் சுமந்துவந்த சூட்டை விசிறி அறைக்காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவே அறையை விடக் குளிராக எந்தக் காற்றுக் கூலராலும் சிப்பை வைத்திருக்கமுடியாது. தண்ணீர் சுற்றவைக்கிற கூலருக்கும் அதே விதிதான்; அதில் மேலதிகமாகப் பம்பின் முனகலும் சேரும். நல்ல கூலர் ஒன்று, விசிறி மெதுவாகச் சுற்றும்போது, ஒவ்வொரு வாற்றுக்கும் 0.3 பாகை அளவில் சிப்பை அறையை விடச் சூடாக வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். 164 வாற்றுக்கு அது 49 பாகை. இருபது பாகை அறையில் சிப் 69 பாகையில் நிற்கும். ஒருவரும் கவலைப்படத் தேவையில்லை. மானிப்பாயில் சித்திரை, வைகாசியில் பகல் 33 பாகையைத் தொடும். வெயில் குடித்த ஓட்டின் கீழிருக்கிற அறை இரவிலும் இலகுவில் ஆறாது. 32 என்று வைத்தாலும் சிப் 81 க்குப் போய்விடும். பெட்டிக்குள் தேங்குகிற சூடான காற்றையும் சேர்த்தால் இன்னும் மேலே. அப்போது விசிறி அலறாமல் என்ன செய்யும்?

அதே 32 பாகை அறையில் 125 வாற்று எரிகிற சிப் 69 பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும். குளிர்நாட்டான் 4.5 இல் பெறுகிற அதே அமைதியை மானிப்பாயில் 4.2 இல் பெறலாம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. காலநிலையின் விலை 300 மெகாஹேர்ட்ஸ். அதைக் கொடுத்துவிடுவது தோல்வியாகாது. குளிர்நாட்டு எண்ணை அப்படியே எட்டிப்பிடிக்க நினைத்து, ஒன்றுக்கு மூன்றாக விசிறி வாங்கிப் பூட்டி, வீடு முழுவதையும் விழித்திருக்கச் செய்வதுதான் தோல்வி.

இந்த முட்டுச் சுவரில் பெரிய கொம்பனிகளும் மோதியிருக்கின்றன. 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 ஐ வெளியிடப்போவதாகச் சொல்லியிருந்த இன்ரெல் 2004 இல் அதைக் கைவிட்டது. அதன் பின்னர் புரொசசருக்குள் இருக்கிற ஒரே கருவை மேலும் மேலும் விரட்டுவதை விட்டுவிட்டுப் பல கருக்களை ஒன்றாகப் பூட்டும் வழிக்குத் தொழில் முழுவதும் திரும்பியது. அதே கொம்பனியின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைச் சிப்புகள் சில காரணமில்லாமல் நின்றுபோகின்றன என்ற முறைப்பாடு 2024 இல் வலுத்தது. தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றேஜ் சிலிக்கனை நிரந்தரமாகத் தேய்த்திருப்பது தெரியவந்தது. ஓகஸ்ற் மாதம் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். திரவ ஹீலியத்தை ஊற்றி, சில நொடிகளுக்கு 9 கிகாஹேர்ட்ஸைக் கடந்த சாதனை 2022 இல் நிகழ்ந்தது உண்மை. அது கண்காட்சி வேடிக்கை. வீட்டில் இரவிரவாக ஓடவேண்டிய இயந்திரத்துக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வோல்ற்றேஜை இறக்குவது பொறுமை வேண்டிய வேலை. ஒரு படி இறக்கவேண்டும், கடுமையான சுமை கொடுத்து ஒரு மணித்தியாலம் ஓடவிடவேண்டும், தடுமாறாவிட்டால் இன்னொரு படி. தடுமாறிய இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏறி நிற்கவேண்டும். இந்தச் சோதனையை மார்கழி மழையில் செய்து திருப்திப்பட்டவர்கள் சித்திரையில் ஏமாந்திருக்கிறார்கள். சூடேறிய சிப் கூடுதலாகக் கசியும், சற்றுக் கூடுதலான வோல்ற்றேஜையும் கேட்கும். ஆகவே சோதிக்கவேண்டிய காலம் வருடத்தின் மிகச் சூடான மத்தியானம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் விசிறியைத் தொடவேண்டும்.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். பத்து டெசிபெல் இறக்கத்தையே காது பாதிச் சத்தமாக உணர்கிறது என்பதால், இது பெரிய இலாபம். எண்பது மில்லிமீற்றர் விசிறி பறந்து செய்கிற வேலையை நூற்றிருபது மில்லிமீற்றர் விசிறி ஆறுதலாகச் செய்துவிடும். கோயில் ஆலவட்டத்துக்கும் கைவிசிறிக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆனால் காது டெசிபெல்லை மட்டும் எண்ணுவதில்லை. ஒரே சீராக வருகிற சத்தத்தை அது மெல்ல மறந்துவிடும். ஏறி இறங்குகிற சத்தத்தை மறக்காது. ஏழு இறக்கை உள்ள இரண்டு விசிறிகள், ஒன்று நிமிடத்துக்கு 1200 சுற்று, மற்றது 1180 சுற்று என்று ஓடினால், ஒன்றின் நாதம் நொடிக்கு 140 அதிர்வு, மற்றதன் நாதம் ஏறத்தாழ 138. இரண்டும் கலந்து நொடிக்கு இரண்டு தரத்துக்கு மேல் விம்மும். மானிப்பாய்க்குப் பக்கத்தில் இணுவில் இருக்கிறது, அப்பால் அளவெட்டி இருக்கிறது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர்கள். மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தோடு ஒத்து பிசகினால் வீதியோரம் நிற்கிற பெரியவர் முகம் சுளிப்பார். அந்தக் காது இந்த விம்மலையும் பொறுக்காது. இரண்டு விசிறியையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தாலும் முழுமையாகச் சேராது. வேகங்களை வேண்டுமென்றே நன்றாக விலக்கிவைத்தால் விம்மல் காதுக்குத் தனியாகத் தெரியாமல் போகும். வேகத்தை உடனுக்குடன் சூட்டோடு ஏற்றி இறக்காமல், பல நொடி தாமதித்து மாற்றும்படி கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்பான பயோஸில் வைத்துவிட்டால் மூச்சிரைப்பும் அடங்கும். கூலரின் செம்பும் அலுமினியமும் அந்தத் தாமதத்தைத் தாங்கக்கூடிய கனம் உள்ளவை.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அந்த முனகல் தகரப் பெட்டிக்கு ஏறி, பெட்டியிலிருந்து பலகை மேசைக்கு இறங்கி, மேசையையே மிருதங்கமாக்கும். சைக்கிள் ரியூப்பை வெட்டி டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் இடையிலும், பெட்டியின் கால்களுக்குக் கீழும் வைத்தால் போதும். மேசையை விடச் சீமெந்து நிலம் நல்லது. நிலத்தில் வைப்பதென்றால் தூசிக்கு வழி சொல்லவேண்டும்.

தூசி இங்கே காற்றோடு வருகிறது. சோளகம் வீசுகிற மாதங்களில் ஒழுங்கையின் செம்மண் வீட்டுக்குள் குடியிருக்கும். கூலர் தகடுகளுக்கிடையில் அது பஞ்சாய்ப் படிந்தால் எல்லாக் கணக்கும் பிழைத்துப்போகும். நுளம்புவலைத் துண்டு பல்லியையும் வண்டையும் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. சைக்கிள் கடையில் காற்றடிக்கிற மெசினால் ஊதுகிறவர்கள் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடிக்காவிட்டால் அது தன் வேகத்தை மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துவிடும். காற்றுத் தாங்கியில் சேர்ந்த தண்ணீரை முதலில் வடித்துவிடவும் வேண்டும். சில வருடத்துக்கு ஒரு தடவை, சிப்புக்கும் கூலருக்கும் இடையில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ற்றைத் துடைத்துப் புதிதாகப் பூசுவதும் இந்தப் பராமரிப்பில் சேரும்.

இயந்திரச் சத்தத்துக்கு இந்த மண்ணில் ஒரு தனி நினைவு உண்டு. 1990 இல் போரால் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் மிதி சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்கு உயிர்ப்பித்தார்கள். அந்த இருட்டில் எங்கோ ஒரு ஜெனறேற்றர் முழங்கினால் அங்கே கலியாணம், அல்லது கோயில் திருவிழா, அல்லது வீடியோவில் படம். அந்தச் சத்தத்தை நோக்கிச் சனம் நடந்துபோனது. வானத்தில் இருந்து வந்த இயந்திரச் சத்தமோ வேறு. குழந்தைகள்கூட விமானத்தை அதன் இரைச்சலால் இனங்கண்டு பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அப்படிப் பழகிய காதுகள் இன்றைக்கும் இந்த வீடுகளில் இருக்கின்றன. நடுச்சாமத்தில் திடீரென்று எழும்புகிற இரைச்சல் அவர்களுக்கு வெறும் தொந்தரவு என்று நினைப்பது பிழை. அம்மம்மா மழையா என்றுதான் கேட்டா. அதற்கு முன் அவவின் நெஞ்சில் வேறு என்ன வந்துபோனதென்று பேரன் அறியமாட்டான். அமைதியான கொம்பியூட்டரை இந்த ஊரில் ஆடம்பரமென்று சொல்லக்கூடாது.

போர் முடிந்த பின்னரே, 2010 களில், குடாநாடு மீண்டும் தேசியக் கட்டமைப்போடு சேர்ந்தது. சேர்ந்த பிறகு நாட்டின் நோயும் பங்காயிற்று. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருண்டதென்று வலுசக்தி அமைச்சர் சொன்னார். கட்டணமும் 2022 ஓகஸ்ற்றில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. ஓவர்குளொக் செய்த கொம்பியூட்டர் யூபிஎஸ் பற்றறியை விரைவாகக் குடித்துவிடும். கரண்ட் போனதும் கோப்பைச் சேமித்து மூடக் கிடைக்கிற நிமிடங்கள் சுருங்கும். முன்னர் சொன்ன 164 க்கும் 125 க்கும் இடையிலான 39 வாற்று வித்தியாசம், நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால், மாதத்துக்கு ஒன்பது அலகுக்கு மேல். வோல்ற்றேஜை இறக்கியவனுக்குச் சத்தமும் குறைகிறது, பில்லும் குறைகிறது, இருட்டில் கிடைக்கிற அவகாசமும் நீள்கிறது.

மானிப்பாய்க்கு வெளியூர் அறிவைத் தன் மொழிக்கும் தன் சூழலுக்கும் கொண்டுவந்த வரலாறு இருக்கிறது. 1842 இல் மானிப்பாய் அகராதி அச்சேறிய ஊர் இது. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இங்கேதான் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போவதைக் கண்டு, கிராமத்திலேயே நின்று வைத்தியம் செய்பவர்கள் வேண்டுமென்று 1860 களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அவரும் அவரோடு உழைத்த தமிழ் மாணவர்களும் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார்கள். கெமிஸ்தம் வெளிவந்தது 1875 இல். இரசாயனத்தைத் தமிழில் சொல்லமுடியுமா என்ற கேள்விக்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து விடை வந்துவிட்டது.

சிப்பின் சூட்டைத் தமிழில் சொல்வது அதைவிடக் கடினமான காரியமில்லை. செய்து பார்த்தவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். கலியாண வீடியோக்காரர், கணினி திருத்துகிற கடைக்காரர், விளையாட்டுக்காகத் தொடங்கிப் பின்னர் பழகிக்கொண்ட மாணவர் என்று பலர். எந்தச் சிப் எந்த வோல்ற்றேஜில் நின்றது, சோளகத்தில் எத்தனை கிழமைக்கொருதரம் தூசி தட்டவேண்டி வந்தது, எந்த விசிறி மூன்றாம் வருடம் முனகத் தொடங்கியது என்பதெல்லாம் அவர்களுடைய கைகளில் இருக்கிறது. அது கைவழியாகக் கற்ற ஒருவரோடு நின்றுவிடுகிறது. அதை ஒரு கொப்பியிலாவது தமிழில் எழுதிவைக்கச் சொல்லி அவர்களைக் கேட்டுக்கொள்ளவேண்டும். எழுதும்போது சிப்பின் வேகத்தையும் சூட்டையும் மட்டும் எழுதாமல், முதல் வரியில் திகதியையும், அந்த நேரத்தில் அறை எத்தனை பாகை என்பதையும் எழுதுங்கள்.